1972 அக்டோபரில் சைகோன் மறுத்தது சரியா? வியட்நாம் போரில் நேச நாடுகளின் பேச்சுவார்த்தையும் போர்த்திட்டமும்

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

1972 அக்டோபர் 19 அன்று தென் வியட்நாமின் தலைநகரான சைகோனில், சுதந்திர மாளிகையில் நடந்த ஒரு சந்திப்பைப் பற்றி இங்கே பேச விரும்புகிறேன். அமெரிக்க அதிபர் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிசிஞ்சர், பாரிசில் வட வியட்நாமின் லெ டுக் தோவுடன் பேசி முடித்த உடன்படிக்கையின் வரைவை, தென் வியட்நாம் அதிபர் நுயென் வான் தியூவிடம் அன்றுதான் கொடுத்தார். கொடுக்கப்பட்டது ஆங்கிலப் படி மட்டுமே. அதிபரின் உறவினரும் ஆலோசகருமான ஹுவாங் டுக் ஞா வியட்நாமிய மொழிப் படி எங்கே என்று கேட்டதும், ஒரு நாட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கும் ஆவணத்தை அந்நாட்டின் அரசு வேற்று மொழியில் படித்துப் பார்க்க வேண்டிய நிலை ஏற்பட்டதும் பதிவாகியிருக்கின்றன. வாஷிங்டன் வகுத்திருந்த கால அட்டவணைப்படி, கிசிஞ்சர் சைகோனிலிருந்து நேராக வட வியட்நாமின் தலைநகரான ஹனோய்க்குச் சென்று முதற்கையொப்பம் இட வேண்டும்; மாத இறுதிக்குள் பாரிசில் முறைப்படி கையெழுத்தாக வேண்டும். அதாவது, எட்டு ஆண்டுகளுக்கு மேலாக அமெரிக்காவுடன் தோளோடு தோள் நின்று போரிட்ட அரசுக்கு, வரைவைப் படித்து ஒப்புதல் அளிக்கச் சில நாள்களே ஒதுக்கப்பட்டிருந்தன.

இதைவிட வேதனையான செய்தி ஒன்று உண்டு. கிசிஞ்சர் வந்து சேர்வதற்கு முன்பே, எதிரிகளிடமிருந்து கைப்பற்றப்பட்ட ஓர் ஆவணம் தியூவின் மேசைக்கு வந்திருந்தது. வரவிருக்கும் உடன்படிக்கையின் கூறுகளைத் தங்கள் ஊழியர்களுக்கு விளக்கி எதிர்த்தரப்பு அனுப்பிய குறிப்பு அது. தன் நேச நாடு என்ன ஒப்புக்கொண்டது என்பதைத் தன் பகைவரின் தாளிலிருந்து முதலில் தெரிந்துகொண்ட அதிபர், மறுநாள்களில் அந்த நேச நாட்டின் தூதரிடம் எப்படிப் பேசியிருப்பார் என்பதை எண்ணிப் பாருங்கள். அக்டோபர் 22 அன்று நடந்த சந்திப்பில் தியூ கண்ணீர் விட்டதாகவே கிசிஞ்சர் தரப்புப் பதிவுகள் சொல்கின்றன. இரண்டு நாள் கழித்து அவர் நாட்டு மக்களுக்கு ஆற்றிய நீண்ட உரையில் வரைவை வெளிப்படையாக எதிர்த்தார். அக்டோபர் 26 அன்று ஹனோய் வானொலி வரைவின் சாரத்தை உலகுக்கு அறிவித்தது. அதே நாளில் கிசிஞ்சர் வாஷிங்டனில் செய்தியாளர்களிடம் அமைதி கைக்கு எட்டிவிட்டதாகச் சொன்னார்.

தியூவின் எதிர்ப்புக்குப் பல காரணங்கள் இருந்தாலும், நடுக்காரணம் ஒன்றே. வரைவின்படி போர்நிறுத்தம் நின்ற இடத்திலேயே நடைமுறைக்கு வரும். தென் வியட்நாம் மண்ணில் நிற்கும் வட வியட்நாமியப் படைகள் வெளியேற வேண்டியதில்லை. அமெரிக்கக் கணக்கில் அப்படைகள் ஏறத்தாழ 1,40,000 பேர். சைகோன் கணக்கு இதைவிட மிகப் பெரியது. அமெரிக்கரும் அவர்களுடன் வந்த பிற நாட்டுப் படைகளும் 60 நாளில் போய்விட வேண்டும்; எதிரிப் படை இருந்த இடத்தில் இருக்கும். என் கருத்தில், தியூ மறுத்தது முற்றிலும் நியாயமானது. ஒரே அணியில் இருக்கும் இரண்டு அரசுகள் போர்த்திட்டத்தை ஒரு மேசையிலும் பேச்சுவார்த்தையை வேறு மேசையிலும் வகுத்தால், அந்த அணியில் எளியவர் ஏமாற்றப்படுவது உறுதி. உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

---

கோட்டைமதில்

நண்பர் வைகைக்கரை அக்டோபர் மாதக் காட்சியை நன்றாக எடுத்து வைத்திருக்கிறார். ஆனால் அந்த மாதத்திலிருந்து கதையைத் தொடங்குவதால்தான் தியூ ஏமாற்றப்பட்டவராக மட்டுமே தெரிகிறார் என்பது என் எண்ணம்.

நின்ற இடத்திலேயே போர்நிறுத்தம் என்பதை நிக்சன் 1970 அக்டோபர் 7 அன்று தொலைக்காட்சி உரையில் உலகறிய முன்மொழிந்தார். சைகோன் அரசு அந்த முன்மொழிவை வெளிப்படையாக ஆதரித்தது. 1971 மே 31 அன்று கிசிஞ்சர் பாரிஸ் இரகசியப் பேச்சில், அமெரிக்கப் படை விலகலுக்கு ஈடாக வட வியட்நாமியப் படைகளும் விலக வேண்டும் என்ற பழைய நிபந்தனையை நடைமுறையில் கைவிட்டார். 1972 ஜனவரி 25 அன்று இரகசியப் பேச்சுகளை நிக்சன் வெளியிட்டபோது, தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பாகத் தாம் பதவி விலகத் தயார் என்ற கூறுக்குத் தியூவும் உடன்பட்டிருந்தார். மே 8 உரையிலோ, போர்நிறுத்தம் ஏற்பட்டு அமெரிக்கப் போர்க்கைதிகள் விடுவிக்கப்பட்டால் நான்கு மாதங்களில் அமெரிக்கப் படை முழுவதும் வெளியேறும் என்றார் நிக்சன். வட வியட்நாமியப் படை வெளியேற வேண்டும் என்ற சொல்லே அதில் இல்லை. சைகோனிலிருந்த அமெரிக்கத் தூதர் எல்ஸ்வொர்த் பங்கர் இவற்றை எல்லாம் சுதந்திர மாளிகையில் தெரிவித்துக்கொண்டுதான் இருந்தார். ஆகவே 1972 அக்டோபரில் தியூ முதன்முதலாகக் கண்டது உடன்படிக்கையின் உள்ளடக்கத்தை அல்ல, அது உண்மையாகவே கையெழுத்தாகப் போகிறது என்ற நிலையைத்தான்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 1968 அக்டோபர் 31 அன்று அப்போதைய அமெரிக்க அதிபர் ஜான்சன் வட வியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்தினார். அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கையில், நவம்பர் 2 அன்று, பாரிஸ் பேச்சுக்குத் தம் அரசு வராது என்று தியூ தம் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். பிறகு மேசையின் வடிவத்தைப் பற்றி வாரக்கணக்கில் வாதம் நடந்தது. வட்ட மேசையும் அதன் இருபுறமும் எழுத்தர்களுக்கான இரண்டு சிறு மேசைகளும் என்று முடிவாகி, 1969 ஜனவரி 25 அன்றுதான் நான்கு தரப்பின் முதல் முழு அமர்வு நடந்தது. தாமதம் தமக்குப் பயன் தரும் என்ற பாடத்தை அப்போது கற்ற தியூ, நான்காண்டு கழித்து அதே வழியில் நடந்தார். 1968இல் ஐந்து லட்சத்துக்கு மேல் அமெரிக்கப் படையினர் அவர் நாட்டில் இருந்தார்கள். 1972 இறுதியிலோ முப்பதாயிரத்துக்கும் குறைவானவர்களே இருந்தார்கள். தாமதத்தின் விலை யார் தலையில் விழும் என்பது அந்த இடைவெளியில் தலைகீழாக மாறிவிட்டது.

---

வைகைக்கரை

> நின்ற இடத்திலேயே போர்நிறுத்தம் … சைகோன் அரசு அந்த முன்மொழிவை வெளிப்படையாக ஆதரித்தது.

ஆதரித்தது உண்மை. ஆனால் எந்தச் சூழலில் ஆதரித்தது என்பதையும் பார்க்க வேண்டும், ஐயா. 1970இலும் 1971இலும் ஹனோயின் அசையாத நிபந்தனை தியூவின் அரசையே நீக்க வேண்டும் என்பதாக இருந்தது. ஹனோய் ஒருபோதும் ஏற்காது என்று இரு அரசுகளும் நம்பிய காலத்தில், அமெரிக்க மக்களின் கருத்தைச் சமாதானப்படுத்துவதற்காக வைக்கப்பட்ட முன்மொழிவுக்குச் சைகோன் தலையசைத்தது. 1972 அக்டோபர் 8 அன்று லெ டுக் தோ தியூவை நீக்கும் நிபந்தனையைக் கைவிட்ட நொடியில், அந்தத் தலையசைப்பு முழு ஒப்புதலாகக் கணக்கு வைக்கப்பட்டது. ஹனோய் நிலை மாறிய அன்றே தியூவை அழைத்து, இரு அரசுகளின் தளபதிகளும் வரைபடத்தை விரித்து வைத்துப் பேசியிருக்க வேண்டாமா? மாறாக, நான்கே நாள்களில் பாரிசில் வரைவு ஏறக்குறைய முடிந்துவிட்டது.

---

நிலவரை

இருவரும் அரசியல் பக்கத்தைப் பேசிவிட்டீர்கள். படைத்துறைப் பக்கத்தைப் பார்க்காமல் இந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

1972 மார்ச் 30 அன்று தொடங்கிய வட வியட்நாமின் பெருந்தாக்குதல் மூன்று முனைகளில் வந்தது: வடக்கே குவாங் திரி, நடுவே கொன்தும், தெற்கே ஆன் லோக். மே 1 அன்று குவாங் திரி நகரம் வீழ்ந்தது. செப்டம்பர் 16 அன்று தென் வியட்நாமின் கடற்படைத் தரைப்பிரிவு அதன் கோட்டையை மீட்டது. மீட்டது நகரத்தை மட்டும்தான். அந்த மாகாணத்தின் பெரும்பகுதி வட வியட்நாமியர் கையிலேயே இருந்தது. அதேபோல் ஆன் லோக் நிலைத்து நின்றது; அதற்கு வடக்கே உள்ள லோக் நின் போய்விட்டது. கொன்தும் தப்பியது, தாக் தோ தப்பவில்லை. ஆக, லாவோஸ், கம்போடியா எல்லையை ஒட்டி மேற்கு நெடுகிலும் ஒரு நிலப்பட்டை எதிரியின் கையில் இருக்க, கடலோரமும் நகரங்களும் சைகோனிடம் இருந்தன. உட்பகுதிகளில் சிறுத்தைத் தோலின் புள்ளிகளைப் போல இரு தரப்பின் ஊர்களும் கலந்து கிடந்தன.

இந்த நிலப்படத்தை அப்படியே உறையவைத்தால் யாருக்கு ஆதாயம்? சைகோனின் படை, வட்டாரப் படைகளையும் சேர்த்துப் பத்து லட்சத்துக்கு மேல் இருந்தது என்பதைப் பலர் சொல்லிக் காட்டுவார்கள். அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தத்தம் மாகாணத்தையும் கிராமத்தையும் விட்டு நகராத வட்டார, ஊர்க்காவல் படைகள். நாடு முழுவதும் விரைந்து அனுப்பத்தக்க பொதுச் சேமப்படை என்று இருந்தவை வான்குடைப் பிரிவும் கடற்படைத் தரைப்பிரிவுமே. 1972 தாக்குதலுக்குப் பிறகு அவை இரண்டும் வடகோடியிலேயே கட்டுண்டு கிடந்தன. குவாங் திரியில் எதிரிப் படை நிற்கும் வரை அவற்றை அங்கிருந்து எடுக்க வழியில்லை. முன்பெல்லாம் இத்தகைய நெருக்கடியில் சைகோனுக்குச் சேமப்படையாக இருந்தது அமெரிக்காவின் வான்படையும் ஹெலிகாப்டர்களும். உடன்படிக்கை அவற்றை வெளியே எடுத்தது. அவை ஈடுகட்டிய இராணுவக் குறையை அப்படியே விட்டுவைத்தது.

'எல்லா இடத்தையும் காக்க வேண்டும்' என்ற தியூவின் திட்டமும் அமெரிக்க வான்படையை எண்ணி வகுக்கப்பட்டதுதான். ஓர் அங்குல நிலமும் விட்டுக்கொடுப்பதில்லை, கூட்டணி அரசு இல்லை, நடுநிலை இல்லை, பொதுவுடைமையர் செயல்பட இடமில்லை என்ற அவருடைய நான்கு மறுப்புகள் அரசியல் முழக்கமாக இருந்ததோடு, படைகளை நாடெங்கும் மெல்லிய வரிசையாக விரித்துவைக்கும் கட்டளையாகவும் ஆயின. வாஷிங்டன் தன் வான்படையை விலக்கும் உடன்படிக்கையைப் பேசிய வேளையில், அந்த வான்படை இன்றி எந்தெந்த மாகாணங்களைக் காக்க முடியும், எவற்றை விட்டுப் பின்வாங்க வேண்டும் என்று இரு தரப்புத் தளபதிகளும் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்தக் கணக்குப் போடப்படவில்லை. மூன்றாண்டு கழித்து, 1975 மார்ச் 14 அன்று, பான் மீ துவோத் விழுந்த பிறகு, காம் ரானில் ஒரே நாள் கூட்டத்தில் மத்திய மேட்டுநிலத்தைக் கைவிடும் முடிவைத் தியூ எடுத்தார். ஆயத்தமின்றி நடந்த அந்தப் பின்வாங்கல் படையின் முதுகெலும்பை முறித்தது.

எதிர்த்தரப்பு 1973க்குப் பிறகு என்ன செய்தது என்பதையும் பாருங்கள். மேற்கு நிலப்பட்டையில் புதிய நெடுஞ்சாலையை அமைத்தது. எரிபொருள் குழாயை லோக் நின் வரை கொண்டுவந்தது. அமெரிக்க விமானங்கள் இல்லாத வானத்தின் கீழ் இதையெல்லாம் பகலிலேயே செய்ய முடிந்தது. லாவோசிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் வெளிநாட்டுப் படைகள் விலக வேண்டும் என்று உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு சொல்கிறது. எந்தத் தேதிக்குள் என்று சொல்லவில்லை.

---

கோட்டைமதில்

நிலவரை அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் கூட்டுத் திட்டமிடல் இல்லாமைக்கு வாஷிங்டன் மட்டுமே காரணமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. 1971 பிப்ரவரி 8 அன்று தொடங்கிய லாம் சொன் 719 நடவடிக்கையைப் பாருங்கள். ஒன்பதாம் எண் சாலை வழியாக லாவோசுக்குள் நுழைந்து செபோனைப் பிடித்து, வடக்கிலிருந்து தெற்குக்கு ஆளும் பொருளும் வந்த ஹோ சி மின் பாதையை வெட்ட வேண்டும் என்பது திட்டம். 1970 டிசம்பரில் அமெரிக்க காங்கிரஸ் நிறைவேற்றிய தடையின் காரணமாக அமெரிக்கத் தரைப்படையினரோ ஆலோசகர்களோ எல்லையைத் தாண்ட முடியாது. ஹெலிகாப்டர்களும் குண்டுவீச்சு விமானங்களும் மட்டுமே துணை. அதுவரை ஒவ்வொரு படைப்பிரிவோடும் நின்று வான்தாக்குதலை அழைத்துக்கொடுத்த அமெரிக்க ஆலோசகர் இல்லாதபோது, தரையில் நிற்கும் வியட்நாமிய அதிகாரிக்கும் மேலே பறக்கும் அமெரிக்க விமானிக்கும் இடையே தொடர்பே சிக்கலாயிற்று.

அந்த நடவடிக்கையின் நடுவில் இரு அரசுகளும் இழுபறி செய்தன. இன்னும் சில வாரம் நின்று பாதையை அறுக்க வேண்டும் என்று அமெரிக்கத் தளபதி ஏப்ரம்ஸ் வற்புறுத்தினார். தியூவோ, தம் அரசைத் தாங்கி நின்ற சிறந்த பிரிவுகள் சிதைவதைக் காண விரும்பாமல், மார்ச் தொடக்கத்தில் செபோனில் கால் வைத்த கையோடு படையைத் திருப்பினார். தியூவின் கவலை புரிகிறது. ஆனால் நுழையும் முன்பே எவ்வளவு நாள், எவ்வளவு இழப்பு வரை என்று தம் நேச நாட்டிடம் அவர் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. மனத்தில் உள்ளதை மறைத்தல் இரு பக்கமும் இருந்தது.

---

மலையமான்

இந்த இழையில் தென் வியட்நாமும் அமெரிக்காவும் மட்டுமே பேசப்படுகின்றன. நேச நாடுகள் என்றால் அவை இரண்டு மட்டும் அல்ல. 1966 அக்டோபர் 24, 25 தேதிகளில் மணிலாவில் ஏழு நாடுகளின் தலைவர்கள் கூடினார்கள்: அமெரிக்கா, தென் வியட்நாம், தென் கொரியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. எதிர்த்தரப்பு தன் படைகளை வடக்கே திரும்பப் பெற்று, ஊடுருவலை நிறுத்தி, வன்முறை தணிந்தால், நேச நாட்டுப் படைகள் ஆறு மாதங்களுக்குள் வெளியேறும் என்று அங்கே கூட்டாக அறிவித்தார்கள். இதுதான் எல்லா நேச நாடுகளும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒரே தெளிவான நிபந்தனை. 1972 வரைவு அதன் முதற்பாதியை விட்டுவிட்டது. மணிலாவில் கையெழுத்திட்டவர்கள் மீண்டும் கூட்டப்பட்டு, பழைய நிபந்தனையை மாற்றலாமா என்று கேட்கப்படவில்லை.

தென் கொரியா இந்தப் போருக்கு அனுப்பிய படையின் அளவை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். பல ஆண்டுகளில் மொத்தம் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட கொரியர்கள் அங்கே பணியாற்றினார்கள். உச்சக் காலத்தில் ஏறத்தாழ 50,000 பேர் இருந்தார்கள். சுமார் 5,000 பேர் இறந்தார்கள். இதற்கு ஈடாகச் சியோல் கேட்டது என்ன என்பது 1966 மார்ச் மாதம் அமெரிக்கத் தூதர் வின்த்ரோப் பிரவுன் கொடுத்த குறிப்பில் விரிவாக உள்ளது: கொரியப் படையை நவீனமாக்கும் கருவிகள், வியட்நாமில் கொரிய நிறுவனங்களுக்கு வேலை ஒப்பந்தங்கள், கடன். ஆனால் 1969 ஜூலையில் ஆசிய நேச நாடுகள் தங்கள் பாதுகாப்புக்கு முதலில் தங்கள் படையையே நம்ப வேண்டும் என்ற புதிய கொள்கையை நிக்சன் குவாமில் அறிவித்த பிறகு, கொரிய வீரர்கள் இன்னும் வியட்நாமில் நின்றுகொண்டிருக்கும்போதே, கொரியாவிலிருந்த அமெரிக்காவின் 7ஆம் காலாட்படைப் பிரிவு 1971இல் திரும்பப் பெறப்பட்டது. கொரிய அதிபர் பார்க் சுங் ஹீ எதிர்த்தார், பயன் இல்லை. 1972இல் தியூவுக்கு நேர்ந்ததற்கு முன்னோட்டம் சியோலில் நடந்துவிட்டது.

மறுபக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1965 முதல் 1969 வரை சீனா மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட படையினரை வட வியட்நாமுக்கு அனுப்பியது. அவர்கள் சாலையும் ரயில்பாதையும் அமைத்தார்கள், விமான எதிர்ப்புப் பீரங்கிகளை இயக்கினார்கள். சோவியத் ஒன்றியம் ஏவுகணைகளைக் கொடுத்தது. பெரிய நண்பர்கள் இருவரும் ஒருவரையொருவர் வெறுத்தார்கள். 1968இல் ஹனோய் பாரிசுக்குச் செல்வதைப் பீஜிங் கடுமையாக எதிர்த்தது, ஹனோய் சென்றது. 1972 பிப்ரவரியில் நிக்சனைப் பீஜிங் வரவேற்றது. மே மாதம், ஹைபோங் துறைமுகத்தில் கண்ணிவெடி மிதந்துகொண்டிருந்த வேளையில், மாஸ்கோ வரவேற்றது. ஹனோய் மனம் நொந்திருக்கும். ஆனால் 1954 ஜெனீவாவில் பெரிய நாடுகளின் வற்புறுத்தலால் 17ஆம் அட்சக்கோட்டில் நாட்டைப் பிரிக்க ஒப்புக்கொண்ட கசப்பை அது மறக்கவில்லை. பாரிஸ் மேசையில் சீனருக்கும் இடமில்லை, ரஷ்யருக்கும் இடமில்லை. லெ டுக் தோ மட்டுமே அமர்ந்தார். துப்பாக்கியை வெளியிலிருந்து வாங்கினாலும் பேச்சை மட்டும் தானே பேசிய அரசு ஒருபுறம்; துப்பாக்கியோடு பேச்சையும் வெளியில் விட்டுவிட்ட அரசு மறுபுறம். வைகைக்கரை சொல்லும் இரண்டு மேசைகளின் வேறுபாடு எனக்கு இங்கேதான் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

---

செங்காந்தள்

இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எனக்கு ஒரு கேள்வி. மறுப்பின் பலனாகத் தியூவுக்கு என்னதான் கிடைத்தது? ஜனவரியில் கையெழுத்தான உடன்படிக்கை அக்டோபர் வரைவிலிருந்து பெரிதும் மாறியதா?

---

வைகைக்கரை

உடன்படிக்கையின் சொற்களில் பெரிய மாற்றம் இல்லை. வடக்கையும் தெற்கையும் பிரித்த படைநீக்கப் பகுதியைப் பற்றியும், தெற்கின் தரப்புகளைக் கொண்டு அமையவிருந்த தேசிய நல்லிணக்க மன்றத்தைப் பற்றியும் சில திருத்தங்கள் வந்தன. சைகோன் கேட்டதாக நவம்பர் 20 அன்று கிசிஞ்சர் மேசையில் வைத்த திருத்தங்கள் 69. வட வியட்நாமியப் படை வெளியேற வேண்டும் என்பது உட்பட முதன்மையானவை எல்லாம் கைவிடப்பட்டன. டிசம்பர் 18 முதல் 29 வரை ஹனோய், ஹைபோங் பகுதிகள் மீது பி-52 விமானங்கள் குண்டு வீசின. 15 விமானங்கள் வீழ்த்தப்பட்டன. அதன் பிறகும் அந்தப் படைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

கிடைத்தவை வேறு வகையானவை. முதலாவது, கருவிகள். போர்நிறுத்தத்துக்குப் பிறகு பழுதானதற்கு ஈடாக ஒன்றுக்கு ஒன்று மட்டுமே கொடுக்கலாம் என்று வரைவு சொன்னதால், அதற்கு முன்பாகவே இயன்றதை எல்லாம் கொண்டுவந்து குவித்தார்கள். எஃப்-5 போர் விமானங்கள் போதாதபோது தென் கொரியா, தைவான், ஈரான் ஆகிய நாடுகளிடமிருந்து வாங்கிச் சைகோனுக்குக் கொடுத்தார்கள். தளங்களை அகற்ற வேண்டும் என்ற பிரிவு செயலற்றுப் போகும்படி, அமெரிக்கத் தளங்களின் உரிமை முன்கூட்டியே சைகோன் பெயருக்கு மாற்றப்பட்டது. எண்ணிக்கையில் உலகின் பெரிய வான்படைகளில் ஒன்றாகச் சைகோனின் வான்படை ஆனது. அதை ஓட்டவும் பழுதுபார்க்கவும் ஆள் போதவில்லை.

இரண்டாவது, கடிதங்கள். 1972 நவம்பர் 14 அன்று நிக்சன் தியூவுக்கு எழுதிய கடிதத்தில், ஹனோய் உடன்படிக்கையை மீறினால் விரைந்து கடும் பதிலடி கொடுப்பதே தம் எண்ணம் என்று முழு உறுதி அளித்தார். 1973 ஜனவரி 5 கடிதத்தில், முழு வலிமையோடு பதிலளிப்போம் என்றார். அதே மாதம் தம் தூதராக அனுப்பிய தளபதி அலெக்சாண்டர் ஹெய்க் கையில் கொடுத்தனுப்பிய கடிதமோ வேறு தொனியில் இருந்தது: ஜனவரி 23 அன்று முதற்கையொப்பமும் 27 அன்று கையெழுத்தும் உறுதி, தேவையானால் தாம் தனியாகவே கையெழுத்திடப் போவதாகவும், அப்படி நேர்ந்தால் உதவி உடனடியாக நிற்கும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. தியூ இணங்கினார்.

ஜனவரி 27 அன்று பாரிஸ் கிளெபர் நிழற்சாலையில் கையெழுத்தான விதத்தையும் சொல்ல வேண்டும். தெற்கில் பொதுவுடைமையர் அமைத்திருந்த தற்காலிகப் புரட்சி அரசைப் பெயரிட்டுக் குறிக்கும் ஆவணத்தில் சைகோன் கையெழுத்திட மறுத்தது. எனவே காலையில் அந்தப் பெயர் முகப்புரையில் இல்லாத படியில் நான்கு தரப்பும் ஒப்பமிட்டன. அதிலும் சைகோனும் புரட்சி அரசும் தனித்தனித் தாள்களில் ஒப்பமிட்டன. பிற்பகலில் பெயர்கள் உள்ள வேறொரு படியில் அமெரிக்காவும் ஹனோயும் மட்டும் ஒப்பமிட்டன.

---

கோட்டைமதில்

அந்தக் கடிதங்களைப் பற்றி என் கருத்தைச் சொல்லி முடிக்கிறேன். ஓர் அதிபர் இன்னோர் அதிபருக்கு எழுதிய இரகசியக் கடிதத்தை நாட்டின் வாக்குறுதியாகத் தியூ எடுத்துக்கொண்டார். அமெரிக்க அரசமைப்பில் போருக்குப் பணம் ஒதுக்குவது காங்கிரஸ்; அந்தக் கடிதங்கள் காங்கிரசுக்குக் காட்டப்படவில்லை. 1973 ஆகஸ்ட் 15 முதல் இந்தோசீனா முழுவதிலும் அமெரிக்கப் போர் நடவடிக்கைக்குப் பணம் தடுக்கப்பட்டது. நவம்பரில் போர் அதிகாரச் சட்டம் நிக்சனின் மறுப்பாணையையும் மீறி நிறைவேறியது. 1974 ஆகஸ்டில் நிக்சனே பதவியில் இல்லை. 1975 நிதியாண்டுக்கு 100 கோடி டாலர் வரை அனுமதித்த காங்கிரஸ், ஒதுக்கியது 70 கோடி. 1975 ஜனவரி 6 அன்று புவோக் லோங் மாகாணம் முழுவதும் விழுந்தபோது ஒரு பி-52 கூட வரவில்லை. ஹனோய் அறிய விரும்பியது அதையே.

வாஷிங்டனில் பல ஆண்டுகள் தூதரகம் நடத்திய அரசு, அங்கே பணப்பையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். கையெழுத்திடும் முன் அந்த உறுதிமொழியைக் காங்கிரசின் ஒப்புதலோடு வெளிப்படையாகக் கேட்டிருந்தால், கிடைக்காது என்பது அன்றே தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் நிலவரை சொன்ன கணக்கை 1973லேயே போட்டிருக்கலாம்.

---

நிலவரை

அதை ஒப்புக்கொள்கிறேன், ஒரே ஒரு திருத்தத்தோடு. கடிதங்களை இரகசியமாக வைத்திருக்கச் சொன்னவர்கள் வாஷிங்டனில் இருந்தார்கள். 1975 ஏப்ரல் 8 அன்று செனட்டர் ஹென்றி ஜாக்சன் இரகசிய உறுதிமொழிகள் இருந்ததாகக் குற்றம் சாட்டியபோதுகூட, தனிப்பட்ட கடிதங்களில் இருந்தவை வெளிப்படையாகச் சொன்னவையே என்று வெள்ளை மாளிகை பதில் சொன்னது. ஏப்ரல் 10 அன்று அதிபர் ஃபோர்டு 72.2 கோடி டாலர் இராணுவ உதவி கேட்டார், காங்கிரஸ் தரவில்லை. ஏப்ரல் 21 அன்று தியூ பதவி விலகியபோது அமெரிக்கா சொல் தவறியதாக வானொலியிலும் தொலைக்காட்சியிலும் குற்றம் சாட்டினார். அவருடைய அமைச்சராக இருந்த நுயென் தியென் ஹுங், நவம்பர் 14, ஜனவரி 5 கடிதங்களை வாஷிங்டனில் செய்தியாளர்களிடம் வெளியிட்டார். அன்றைய தேதி ஏப்ரல் 30. சைகோன் அதற்குள் சரணடைந்திருந்தது.